‘ட’ சாய்ந்தால் குதிகால் எழும்: எட்டு வயதுப் பையன் ஒருவனின் நடை பற்றிய நிகழ்வு ஆய்வு

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனுக்கு ஆறு வாரம் தப்பான இடத்தில் சிகிச்சை கொடுத்தேன். அதனால் அவனுக்குக் கெடுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் நான் எழுதிய குறிப்பை நம்பி ஓர் அறுவை சிகிச்சை நடக்க இருந்தது. நடந்திருந்தால் அதைத் திருப்பி எடுக்க வழி கிடையாது. எங்கே பிசகினேன், எது என்னைத் திருப்பியது என்று அளவுகளோடு எழுதி வைக்கிறேன். குழந்தைகள் பிசியோதெரபியில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆனாலும் பெற்றோர் படித்தால் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். பையனின் பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள். அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

பையன்

வயது எட்டு, மூன்று மாதம். 31-வது வாரத்தில் பிறந்தவன், பிறந்தபோது எடை 1.4 கிலோ. மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான். வலிப்பு வந்ததில்லை. மூன்று வயதில் தனியாக நடந்தான். இரண்டு வயதில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மூளையின் திரவ அறைகளை ஒட்டிய வெண்பகுதியில் இருபுறமும் பாதிப்பு தெரிந்தது. குறைமாதக் குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கிற பாதிப்புதான். கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளை ஒட்டியே இறங்குகின்றன, கைகளுக்குப் போகிறவை சற்றுத் தள்ளிப் போகின்றன. அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்குக் கால் அதிகமாகவும் கை குறைவாகவும் பாதிக்கப்படுகிறது. ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா என்று பெயர்.

ஜி.எம்.எஃப்.சி.எஸ். பகுப்பில் இவன் நிலை 2. கனடாவின் கேன்சைல்ட் ஆய்வு மையத்திலிருந்து 1997-இல் வந்த, இந்தக் குழந்தைகளின் இயக்கத் திறனைப் பிரிக்கும் ஐந்து நிலைப் பகுப்பு அது, நிலை 5-தான் மிகக் கடுமையானது. நிலை 2 என்றால் பிடிமானம் இல்லாமல் நடப்பான், படியேறக் கைப்பிடி வேண்டும், தூரம் போனாலோ கூட்டத்தில் சிக்கினாலோ திணறுவான். இவன் அப்படியே. வீட்டிலும் வகுப்பிலும் தானாக நடப்பான். கடைவீதிக்கு என்றால் அப்பாவின் பைக்தான்.

அம்மாவின் முதல் வாக்கியம் இது: “குதிகால் தரையிலயே பட மாட்டேங்குது மேடம். நரம்பு இழுத்திருக்கு, நீட்டி விடணும்னு சொல்றாங்க.” நம் ஊரில் தசை, தசைநாண், ரத்தக்குழாய் எல்லாமே நரம்புதான். எலும்பு மருத்துவர் சொல்லியிருந்தது குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணை நீட்டும் அறுவை சிகிச்சை. அவரும் அவசரப்படவில்லை. இரண்டு மாதம் பிசியோதெரபி செய்து பார்க்கட்டும், பிசியோதெரபிஸ்ட் அளவுகளை எழுதி அனுப்பட்டும், மாற்றம் இல்லாவிட்டால் தேதி குறிக்கலாம் என்று அனுப்பியிருந்தார்.

பையனிடமும் கேட்டேன், உனக்கு என்னடா வேணும் என்று. “பிரேயர்ல கடைசி வரைக்கும் நிக்கணும்” என்றான். அதைக் குறிப்பேட்டில் ‘குழந்தையின் இலக்கு’ என்ற கட்டத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகு ஆறு வாரம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியில் பாதி விடை இருந்தது.

முதல் நாள் அளவு

கதவிலிருந்து படுக்கை வரை எட்டு ஒன்பது அடி நடந்து வந்தான். இரண்டு குதிகாலும் காற்றில். செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் தேய்ந்து அடியில் இருக்கும் வெள்ளை தெரிந்தது. குதிப்பக்கத்திலோ கடையில் வாங்கியபோது இருந்த வரிகள் அழியவே இல்லை. கெண்டைக்கால் சுருங்கியிருக்கிறது என்று அந்த எட்டு அடிக்குள்ளேயே எனக்குள் தீர்ப்பாகிவிட்டது. அப்புறம் செய்த பரிசோதனை எல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி தேடியதுதான்.

சாட்சியும் கிடைத்தது. முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்கினேன். வலது கணுக்கால் நேர்கோணத்துக்கு 5 டிகிரி குறைவிலேயே நின்றுவிட்டது, இடது நேர்கோணத்தில் நின்றது. மாலை ஆறு மணி, அன்றைக்குப் பத்தாவது குழந்தை, பையன் ஊசி போடுவார்களோ என்ற பயத்தில் விறைத்துக் கிடந்தான். கையை எடுத்துவிட்டு எண்ணை எழுதிக்கொண்டேன்.

அந்த எண்ணே தப்பு. விறைப்புள்ள தசையை நீட்டும்போது இரண்டு இடங்கள் உண்டு. வேகமாக நீட்டினால் தசை விழித்துக்கொண்டு ‘வெடுக்’ என்று பிடித்துக்கொள்ளும் இடம் ஒன்று. மெதுவாக, பொறுமையாக, தசை அடங்கும்வரை காத்திருந்து நீட்டினால் உண்மையில் முடிகிற இடம் இன்னொன்று. டார்டியூ அளவுகோலில் முதலாவதை ஆர்1 என்றும் இரண்டாவதை ஆர்2 என்றும் எழுதுவோம். ஆர்1 நரம்பின் பேச்சு, ஆர்2 தசையின் நீளம். நான் அவசரத்தில் நடுவில் எங்கேயோ பிடித்து, அதை நீளம் என்று எழுதிவிட்டேன். மாணவர்களுக்கு வருடா வருடம் நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

ஆறு வாரத் திட்டம் வழக்கமானதுதான். கெண்டைக்காலைக் கையால் நீட்டுவது, சரிவுப் பலகையில் தினமும் 20 நிமிடம் நிற்பது, இரவில் ஸ்பிளின்ட், பகலில் ஏற்கெனவே வைத்திருந்த கீல் வைத்த காலிப்பர். அந்தக் காலிப்பர் பாதம் கீழே தொங்காமல் தடுக்கும், முன்னால் சாய்வதை மட்டும் தடுக்காது. இதைப் பிறகு சொல்கிறேன்.

மாறாத குதிகால்

ஆறு வாரம் கழித்து அளந்தால் கணுக்கால் எண் 5 டிகிரி முன்னேறியிருந்தது. குதிகால் இருந்த உயரத்திலேயே இருந்தது.

என் முதல் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: வீட்டில் ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருக்கும். கேட்டும் விட்டேன், கொஞ்சம் கடுப்பாகவே. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து மளிகைக்கடை மாதக் காலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் இரண்டு டிக், காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. ஊர்த் திருவிழாவுக்குப் போன இரண்டு நாள் மட்டும் வெறுமையாக இருந்தது, அதன் பக்கத்தில் ‘ஊரில்’ என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

பிறகு, காலண்டரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “காலையில ஸ்கூலுக்குப் போறப்ப நல்லாத்தான் நடக்கிறான் மேடம். குதிகால் லேசாத் தொடக்கூடச் செய்யும். சாயங்காலம் வரும்போதுதான் இப்படித் தூக்கிக்கிட்டு வர்றான். நீங்க எப்பவுமே சாயங்காலம்தானே பாக்குறீங்க.”

சுருங்கிப்போன தசைக்குக் காலை, மாலை தெரியாது. நீளம் குறைந்துவிட்டால் ஆறு மணிக்கும் குறைவுதான், பன்னிரண்டு மணிக்கும் குறைவுதான். நேரத்தோடு மாறுகிறது என்றால் அது வேறு எதனுடைய வேலையோ. ஆறு வாரத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம், எந்த நேரத்தில் அதிகம் என்று. கேட்கவில்லை. வயிற்றுவலி என்று வருகிறவரிடம் எப்போது வலிக்கிறது என்று கேட்காத டாக்டர் உண்டா?

மறுநாள் காலை ஏழரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும், கைபேசியை முழங்கால் உயரத்தில் ஸ்டூலில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வாசலில் பத்தடி தூரம், வெறுங்கால், டிராயர். அம்மா அதை என்னைவிட நன்றாக எடுத்தார்.

ட

வீடியோவை, ஒரு காலில் முழு எடையும் இருக்கிற கணத்தில் நிறுத்தி, கோணங்களை அளந்தேன். கைபேசி அளவுதான், 5 டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். மாலையில் வலது முழங்கால் 38 டிகிரி மடங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னங்கால் எலும்பு 20 டிகிரி முன்னால் சாய்ந்திருந்தது. கணுக்காலோ நேர்கோணத்தைத் தாண்டி 4 டிகிரி மேலேயே மடங்கியிருந்தது. காலையில் முழங்கால் 25, சாய்வு 11, கணுக்கால் 6.

கணுக்கால் எண் இரண்டு வேளையும் ஏறத்தாழ ஒன்றே. குதிகால் மட்டும் காலையில் ஒரு செ.மீ., மாலையில் மூன்றரை செ.மீ.

இதைப் புரிந்துகொள்ள ‘ட’ என்ற எழுத்தை நினைத்துக்கொண்டால் போதும். நிற்கிற கோடு முன்னங்கால், படுத்த கோடு பாதம், வலப்பக்க நுனி கால்விரல், இடது மூலை குதிகால். அட்டையில் வெட்டி மேசையில் நிறுத்தி, தலையைப் பிடித்து வலப்பக்கமாக, அதாவது முன்னால் சாயுங்கள். மூலை மேலே எழும், விரல் நுனி மட்டும் மேசையில் நிற்கும். எழுத்தின் கோணம் மாறவே இல்லை, அதே 90 டிகிரி. ஆனாலும் குதிகால் தூக்கிவிட்டது. அட்டையை நிமிர்த்துங்கள், தானாக இறங்கும். இந்த அட்டை இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது, பெற்றோருக்குக் காட்ட.

பையனின் குதிகாலைத் தூக்கியது கணுக்கால் அல்ல. முழங்கால் மடங்குகிறது, முன்னங்கால் முன்னால் சரிகிறது, பாதம் அதன் பின்னாலேயே போகிறது. மெல்போர்னைச் சேர்ந்த ஜில் ரோடா, கெர் கிரஹாம் இருவரும் 2001-இல் வெளியிட்ட நடைப் பகுப்பில் இதற்குத் தனி வகையே உண்டு. குதிகால் தூக்கலில் நிஜமானது, தோற்றத்துக்கு மட்டும் அப்படித் தெரிவது என்று பிரித்திருக்கிறார்கள். இரண்டாவது வகைக்கு அடுத்த கட்டம் கூன்நடை, முழங்காலும் இடுப்பும் மடங்கி, எந்நேரமும் நாற்காலியில் உட்காரப் போகிறவர்போல நடப்பது. அந்த வகைக் குழந்தைக்கு அக்கிலிஸ் தசைநாணை மட்டும் நீட்டிவிட்டால் கூன்நடைக்கு நாமே கொண்டுபோய்விட்ட மாதிரி ஆகும். குழந்தை எலும்பு மருத்துவத்தில் பழைய, தெரிந்த விபத்து இது. கெண்டைக்காலின் உள்தசை பந்தல்காலைப் பின்னால் இழுத்துக் கட்டுகிற கயிறு. முன்னங்கால் முன்னால் சரியாமல் பிடிப்பது அதுதான். ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருக்கிற பந்தலில் கயிற்றைத் தளர்த்தினால் என்ன ஆகும்?

நான் எழுதி அனுப்ப இருந்த குறிப்பு அந்தக் கயிற்றைத் தளர்த்தச் சொல்கிற குறிப்பு.

மறுபடி, முதலிலிருந்து

இந்த முறை காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன். அவனோடு பத்து நிமிடம் சும்மா பேசிவிட்டுத் தொட்டேன். முழங்கால் நீட்டிய நிலையில் கணுக்கால் ஆர்2 வலது 3, இடது 5 டிகிரி, இரண்டும் நேர்கோணத்துக்கு மேலே. முழங்காலை மடக்கினால் 12, 14. வேகமாக நீட்டினால் பிடிப்பு வலதில் நேர்கோணத்துக்கு 12 டிகிரி முன்பே வந்தது, இடதில் 10. ஆக விறைப்பு உண்டு, சுருக்கம் சொற்பம். முழங்காலை நீட்டியும் மடக்கியும் பார்க்கும் இந்தச் சோதனைக்கு சில்ஃபர்ஷோல்ட் சோதனை என்று பெயர். அவர் ஸ்வீடனின் எலும்பு மருத்துவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுத் தங்கம் வாங்கியவரும் அவரே. உடம்பின் மூட்டுகளை உள்ளிருந்து தெரிந்த மனிதர்.

சரி, முழங்கால் ஏன் மடங்குகிறது? ரோத்ஸ்டீன், எக்டர்நாக் இருவரும் 1986-இல் பிசியோதெரபிஸ்டுகளுக்காக ஒரு சிந்தனை முறையை வகுத்தார்கள். ஊகத்தை எழுது, எதைக் கண்டால் அந்த ஊகத்தைக் கைவிடுவாய் என்பதையும் சோதிக்கும் முன்பே எழுது என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம். கல்லூரியில் பரீட்சைக்குப் படித்ததோடு மறந்திருந்தேன். இந்தத் தடவை பேனாவை எடுத்து எழுதினேன்.

முதல் ஊகம் பின்தொடைத் தசையின் சுருக்கம். இடுப்பை 90 டிகிரியில் வைத்து முழங்காலை நீட்டினால் வலதில் 55 டிகிரி பாக்கி, இடதில் 50. அளவு அதிகம்தான், இதைப் பார்த்ததும் பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் நிற்கும்போது அவன் இடுப்பு 90 டிகிரியில் இல்லை, சுமார் 30-இல்தான் இருக்கிறது. இடுப்பை 30 டிகிரி மட்டும் மடக்கிவைத்து நீட்டிப் பார்த்தேன், முழங்கால் முழுதாக நேராயிற்று. ஒற்றைக் காலில் எடை தாங்கும் நேரத்தில் பின்தொடைத் தசை அவனைக் கட்டிப்போடவில்லை. காலை எட்டி வைக்கும்போது அடியைக் குட்டையாக்குகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஊகம் வலுவின்மை. முன்தொடைத் தசையை உட்காரவைத்துச் சோதித்தால் பின்தொடை இறுக்கம் குறுக்கே வந்து ஏமாற்றும். அதனால் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டிவைத்து, குதியை மட்டும் தூக்கச் சொன்னேன். என் கையால் நீட்டினால் நேராகிற முழங்கால், அவனாக நீட்டும்போது வலதில் 15 டிகிரி, இடதில் 10 டிகிரி குறைவிலேயே நின்று நடுங்கியது. குப்புறப் படுத்துத் தொடையைத் தூக்கச் சொன்னால் தலையணை உயரம்கூட வரவில்லை. கம்பியைப் பிடித்து இரண்டு காலாலும் எம்பச் சொன்னேன். மூன்று தடவை, அதுவும் பாதி உயரம். ஒற்றைக் காலில் ஒரு தடவைகூட இல்லை. நீட்டிவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த தசை, தன் வேலைக்கே போதாத தசை.

கடைசியில் ஒரு சின்னச் சோதனை. அவனை நிற்கவைத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்புறமாக இரண்டு விரலை வைத்து லேசாகப் பின்னால் தள்ளினேன். முழங்கால் நிமிர்ந்தது. இரண்டு குதிகாலும், சத்தம் கேட்கும்படி, தரையில் விழுந்தன. அம்மா குனிந்து பார்த்தார். பையனும் குனிந்து பார்த்தான், அதில் மறுபடி மடங்கிவிட்டது. ஆறு வாரத்தில் ஒரு நாள் இதைச் செய்திருக்கலாம். பத்து விநாடி ஆகும்.

முழங்காலை மடக்கியபடி நிற்பது எவ்வளவு செலவு என்று தெரிய வேண்டுமானால், முதுகைச் சுவரில் சாய்த்து, நாற்காலி இல்லாமல் அரை உட்காரலில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். தொடை எரியும். பிரேயரில் அவன் எப்போது தளர்கிறான் என்று பிறகு அவனிடமே கேட்டேன். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு நேராக நிற்பானாம். உறுதிமொழிவரை தாங்கும். திருக்குறள் விளக்கம் தொடங்கினால் கால் மடங்கும். தலைமை ஆசிரியர் பேச வந்தால் கதை முடிந்தது. வலுவில்லாத முன்தொடைத் தசையின் தளர்ச்சியை விநாடிக் கடிகாரம் இல்லாமலே அளந்து வைத்திருக்கிறான்.

விலக்கிவைத்தவை

காலையில் நன்றாக, மாலையில் மோசமாக என்று கேட்டதும், குழந்தை நரம்பியலில் பழக்கம் உள்ளவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஜப்பானிய மருத்துவர் மசாயா செகாவா 1970-களில் விவரித்த டிஸ்டோனியா. கால் திருகிக்கொள்ளும், நாள் ஏற ஏறக் கூடும், தூங்கி எழுந்தால் தெளியும். மூளை முடக்குவாதம் என்றே பல வருடம் தவறாக நினைக்கப்பட்டு, பிறகு சிறிய அளவு லெவோடோபா மாத்திரையில் குழந்தை மளமளவென்று தேறிய நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் இருக்கின்றன. இதைத் தவறவிட்டால் மன்னிப்பு கிடையாது. எனக்கு இந்த யோசனை வந்ததே இரவு பதினொரு மணிக்கு, படுக்கையில். மறுநாளே குழந்தை நரம்பியல் மருத்துவருக்கு வீடியோக்களோடு எழுதினேன். குறைமாதப் பிறப்பு, அதற்குப் பொருந்துகிற எம்.ஆர்.ஐ., உண்மையான விறைப்பு, நாளுக்குள் மாறுவது வலு மட்டும், திருகல் இல்லை. நேரில் பார்த்துவிட்டு, அந்த நோய் இல்லை, மாத்திரைச் சோதனை தேவையில்லை என்றார்.

மூளையின் காயம் வளர்வதில்லை, ஆகவே நடை மோசமானால் காரணம் கேட்க வேண்டும். முதுகுவலி, சிறுநீர் அடங்காமை, திடீர்ச் சரிவு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே நடை, எதுவும் இல்லை. கடந்த ஒரு வருடத்தில் 6 செ.மீ. வளர்ந்து 4 கிலோ கூடியிருந்தான். எலும்பு நீண்டது, சுமை கூடியது, தசை அதே தசை. காரணமாக அது போதும்.

இடுப்பு எக்ஸ்ரே யாரும் எடுத்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 323 குழந்தைகளை வைத்துச் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், நிலை 2 குழந்தைகளில் 15 சதவீதம் பேருக்கு இடுப்பு மூட்டுப் பந்து 30 சதவீதத்துக்கு மேல் வெளியே நகர்ந்திருந்தது. நிலை 5-இல் அது 90 சதவீதம். வலி வரும்வரை தெரியாது என்பதால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவனுக்கு வலது 22, இடது 19. ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்கலாம்.

என்ன செய்தோம்

எலும்பு மருத்துவருக்கு அளவுகளையும் இரண்டு வீடியோவையும் அனுப்பி, என் முதல் அளவு தப்பு என்றும் எழுதினேன். அதை எழுதக் கை கூசியது, உண்மைதான். அவர் இரண்டாவது வீடியோவைப் பார்த்துவிட்டு, “தசைநாணைத் தொட வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்” என்று பதில் போட்டார்.

கீல் வைத்த காலிப்பருக்கு வருகிறேன். முன்னால் சாய்வதைத் தடுக்காத காலிப்பர், முன்னால் சாய்வதே நோயாக இருக்கிற பையனுக்கு எதற்கு? புதிதாகச் செய்யச் சொல்லும் முன்பு, பழையதன் கீலை ஒட்டுநாடாவால் சுற்றி இறுக்கிக் கட்டி நடக்கவிட்டோம். அன்று மாலை வீடியோவில் முழங்கால் 38-க்குப் பதில் 30. பத்து ரூபாய் நாடாவில் கிடைத்த பதில். அதன் பிறகே தரை எதிர்விசைக் காலிப்பருக்கு அச்செடுத்தோம். கணுக்கால் அசையாது, முழங்காலுக்குக் கீழே முன்புறம் ஒரு தகடு தாங்கும், பாதம் தரையில் ஊன்றும்போது தரையின் விசையே முழங்காலைப் பின்னால் தள்ளும். என் இரண்டு விரல் செய்ததைப் பிளாஸ்டிக் செய்கிறது. முழங்கால் நீட்டினால் நேராக வேண்டும், பாதமும் முழங்காலும் ஒரே திசை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. இவனுக்கு இரண்டும் சரியாக இருந்தன.

ஒரு சிக்கலை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட முடியாது, குத்தவைக்க முடியாது. மதியச் சாப்பாடு தரையில் உட்கார்ந்துதான். கழிப்பறையும் இந்தியன் டைப். முதல் வாரமே பையன் காலிப்பரைப் பைக்குள் போட்டுவிட்டான். பிறகு வகுப்பு ஆசிரியையிடம் பேசி, பிரேயரிலிருந்து மதியம்வரை மட்டும் என்று வைத்துக்கொண்டோம், பக்கத்து பெஞ்ச் பையன் கழற்ற உதவுவான். வெயில் காலத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும், பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி தினமும். கழற்றியதும் தோலில் சிவப்பு இருந்தால் இருபது நிமிடத்தில் மறைய வேண்டும், மறையாவிட்டால் எனக்குப் போன்.

வலுவுக்கு: தாழ்ந்த பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து முதுகில் பையோடு எழுந்து உட்காருவது, பக்கவாட்டில் படியேறுவது, கம்பியைப் பிடித்து எம்புவது. பையில் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டுகள். எட்டுத் தடவைக்கு மேல் முடியாத அளவு சுமை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். இரண்டு பாக்கெட்டில் தொடங்கி பன்னிரண்டு வாரத்தில் ஐந்துக்குப் போனான். எண்ணுவது அவன் அக்கா. கெண்டைக்கால் நீட்டலை நிறுத்திவிட்டோம். அந்த அம்மாவின் நாளில் நாற்பது நிமிடம் மிச்சமாயிற்று, நான் கொடுத்த சிகிச்சைகளில் அவர் உடனே நன்றி சொன்னது இதற்குத்தான்.

நான் படித்த காலத்தில், விறைப்புள்ள தசைக்கு வலுப்பயிற்சி கொடுத்தால் விறைப்பு கூடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். லண்டனில் பெர்டா போபாத், கரேல் போபாத் தம்பதி உருவாக்கிய மரபின் நிழல் அது. கூன்நடைக் குழந்தைகளுக்கு முன்தொடை வலுப்பயிற்சி கொடுத்து டயேன் டமியானோ குழுவினர் 1995-இலேயே நல்ல பலனை வெளியிட்டிருந்தார்கள், எங்கள் வகுப்பறைக்கு அது வந்துசேரவில்லை. அதற்காக வலுப்பயிற்சியைத் தலையில் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. பின்னால் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த சோதனைகளில் வலு கூடியது, நடக்கும் திறன் அந்த அளவுக்குக் கூடவில்லை.

பன்னிரண்டு வாரம், அப்புறம் எட்டு மாதம்

பன்னிரண்டாம் வாரம், மாலை வீடியோ, வெறுங்கால்: முழங்கால் 38-லிருந்து 29, குதிகால் மூன்றரையிலிருந்து ஒன்றரை செ.மீ. முப்பது விநாடியில் எழுந்து உட்காருவது 6-லிருந்து 10. ஆறு நிமிட நடை 240 மீட்டரிலிருந்து 275. தானாக முழங்காலை நீட்டும்போது இருந்த குறை வலதில் 15-லிருந்து 5. பின்தொடை அளவு அசையவில்லை, 55-இலேயே நின்றது. கணுக்கால் அளவும் மாறவில்லை. குதிகால் இறங்கியபோதும் கணுக்கால் எண் அதுவேதான் என்பதைக் கவனியுங்கள்.

காலிப்பரையும் பயிற்சியையும் ஒரே வாரத்தில் தொடங்கியதால், எது எவ்வளவு செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வெறுங்காலில் எடுத்த அளவு என்பதால் பயிற்சிக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நினைப்புதான். மூன்று வாரம் இடைவெளி விட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் பள்ளி திறக்கும் தேதி காத்திருக்காது.

“இன்னும் ஒரு வருஷம் செஞ்சா மத்த பசங்க மாதிரி ஓடுவானா மேடம்?” என்று அப்பா கேட்டார். கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைகோடுகளின்படி, நிலை 2 குழந்தைகள் தங்கள் இயக்கத் திறனின் 90 சதவீதத்தைச் சராசரியாக 4.4 வயதிலேயே எட்டிவிடுகிறார்கள். இவனுக்கு எட்டரை. ஓட்டத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்றேன், இருக்கிற நடையைப் பதினைந்து வயதுவரை காப்பாற்றுவதே பெரிய வேலை என்றும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு காலிப்பரின் வாரை எங்கே மாற்றித் தைக்கலாம் என்று கேட்டார்.

எட்டாம் மாதம் மூன்று செ.மீ. வளர்ந்து வந்தான். மாலை முழங்கால் 29-லிருந்து 32-க்குத் திரும்பியிருந்தது. காலிப்பர் குட்டையாகிவிட்டது, புதிதுக்கு அச்செடுத்தோம். அரிசிப் பை ஆறு கிலோ. பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேகமாக வளரும்போது பின்தொடையும் இடுப்பும் சேர்த்து ஒரே தடவையில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு இந்தத் தசைகள் வலுவாக இருக்க வேண்டும்.

பிரேயர் என்ன ஆச்சு என்று கேட்டேன். “முடியற வரைக்கும் நின்னேன் அக்கா” என்றான். சற்று யோசித்துவிட்டு, “எச்.எம். பேசும்போது ஒரே ஒரு தடவை முன்னாடி நிக்கிறவன் தோளைப் பிடிச்சேன்” என்றான். தேதியைப் போட்டு, ‘ஒரு தடவை தோள்’ என்று எழுதிக்கொண்டேன்.